அந்தச் சூட்டை வைத்து என்ன செய்வது?

அமெரிக்காவில் மயாமி நகரை ஒட்டி டோரல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சாதாரணக் கிடங்கில் 2015 பிப்ரவரியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஓர் இயந்திரம் ஓடியது. பெயர் ஈ-கேட். குளிர் இணைவு, அதாவது கடும் வெப்பம் இல்லாமலே அணுக்கருக்களை இணைப்பது, என்று பேசப்படும் வகையைச் சேர்ந்தது. உள்ளே நிக்கலும் ஹைட்ரஜனும் சேர்ந்து ஏதோ ஓர் அணுக்கரு வினை நடக்கிறது, அதிலிருந்து ஒரு மெகாவாட் வெப்பம் கிடைக்கிறது என்றார் அதை உருவாக்கிய இத்தாலியர் ஆந்த்ரேயா ரோஸி. நீராவி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் போகிறது, வேலை முடிந்து தண்ணீராகத் திரும்பி வருகிறது என்று சொல்லப்பட்டது.

ஒரு மெகாவாட் என்பது எவ்வளவு சூடு? வாளியில் போட்டு வெந்நீர் வைக்கிற ஹீட்டர் ராடு சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். அப்படி ஆயிரம் ராடு ராத்திரி பகல் பார்க்காமல் வருஷம் முழுக்க எரிந்தால் வருகிற சூடு அது. அதைக் கொண்டு குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நாளொன்றுக்கு 33 டன் ஆவியாகிப் போகும். மூன்று டேங்கர் லாரித் தண்ணீர்.

பிறகு பணத் தகராறு வந்தது. தொழில்நுட்ப உரிமம் வாங்கியிருந்த இண்டஸ்ட்ரியல் ஹீட் நிறுவனம் 8.9 கோடி டாலர் தரவில்லை என்று ரோஸி 2016 ஏப்ரலில் வழக்குப் போட்டார். இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை, அந்த வாடிக்கையாளரே உண்மையான வாடிக்கையாளர் இல்லை என்று எதிர்த்தரப்பு பதில் மனு போட்டது. 2017 ஜூலையில், விசாரணை தொடங்கிய கையோடு, இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. இயந்திரம் வேலை செய்ததா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

அந்த வழக்கில் எழுந்த ஒரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சரி, ஒரு மெகாவாட் சூடு வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது எங்கே போனது? சூட்டை எதற்குப் பயன்படுத்தினாலும் கடைசியில் அது எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் ஃபுளோரிடா வெயிலில் அந்தக் கிடங்குக்குள் மனிதர் நிற்க முடியாது. மேல்தளத்தில் நீராவியின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து, ஃபேன் போட்டு, ஜன்னல் வழியாக வெளியே தள்ளினோம் என்றார் ரோஸி. எதிர்த்தரப்பின் நிபுணர் அதை நம்பவில்லை.

குளிர் இணைவு என்றதும் எல்லோரும் கேட்கிற கேள்வி, அது உண்மையா என்பது. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்வி அங்கேயே நிற்கிறது. அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, சூடு வந்தால் யாருக்கு எதற்குப் பயன்படும் என்று விசாரித்தால், முதல் கேள்விக்கும் ஒரு வழி கிடைக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூப்பிட்டார்கள். கனநீருக்குள் (கனமான வகை ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) பல்லேடியம் என்ற உலோகக் கம்பியை வைத்து மின்சாரம் செலுத்தினோம், வேதிவினையால் விளக்க முடியாத அளவுக்குக் கூடுதல் வெப்பம் வந்தது என்றார்கள். அணுக்கரு இணைவுக்குச் சூரியனின் மையத்தில் இருப்பதுபோலக் கோடிக்கணக்கான டிகிரி வேண்டும் என்பது பாடப்புத்தகம். இவர்கள் மேசை மேல் ஒரு கண்ணாடிக் குடுவையில் நடக்கிறது என்றார்கள். உலகம் முழுக்கச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வருட முடிவுக்குள்ளேயே அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு நம்பத்தக்க சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

நம் பக்கமும் இதில் கை வைத்திருக்கிறது. அப்போது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராக இருந்த பி.கே. ஐயங்கார் ஆர்வம் காட்ட, அங்கே பல குழுக்கள் ஒரே நேரத்தில் சோதனையில் இறங்கின. அணுக்கரு வினைக்கு அடையாளமான நியூட்ரானும் டிரிட்டியமும் தென்பட்டதாக 1989இலேயே அறிக்கை போட்டார்கள். தொண்ணூறுகளில் அந்த வேலை அடங்கிப்போனது. 2011 பிப்ரவரியில் இத்துறையின் பதினாறாவது சர்வதேச மாநாடு சென்னையில் நடந்தது. அதற்கு மூன்றே வாரம் முன்னால்தான், ஜனவரி 14ஆம் தேதி, இத்தாலியின் பொலோன்யா நகரில் ரோஸி தன் இயந்திரத்தை முதன்முதலாகப் பலர் முன்னால் ஓட்டிக் காட்டியிருந்தார்.

இன்றைய நிலவரம்? கூகுள் பணம் போட்டு முப்பது ஆராய்ச்சியாளர்கள் சில வருடங்கள் தேடினார்கள். கூடுதல் வெப்பத்துக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆனாலும் 2023இல் எரிசக்தி ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசின் ஆர்பா-ஈ அமைப்பு எட்டுத் திட்டங்களுக்கு ஒரு கோடி டாலர் ஒதுக்கியது, சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று. 2025இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, பல்லேடியத்துக்குள் மின்வேதியியல் முறையில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை அதிகமாக ஏற்றினால் இணைவு வினைகள் 15 சதவீதம் கூடுகின்றன என்று காட்டியது. இது கண்ணாடிக் குடுவை இல்லை, வேகமாக்கிய துகள்களை மோதவிடும் வழக்கமான இணைவுதான். கிடைத்த ஆற்றலோ ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. போட்டது 15 வாட்.

ஆக, இன்றுவரை கையில் இருப்பது நம்பிக்கையும் சர்ச்சையும். இதை மனதில் வைத்துக்கொண்டு சூட்டுக்கு வருவோம்.

சூட்டை இரண்டு விதமாக அளக்க வேண்டும். எவ்வளவு என்பது ஒன்று, எத்தனை டிகிரி என்பது இன்னொன்று. அண்டா நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கும் வெப்பம் ஒரு டம்ளர் கொதிநீரில் இருப்பதைவிட அதிகம். ஆனால் அதில் டீத்தூள் போட்டால் சாயம் இறங்காது. இந்தத் துறையின் அறிவிப்புகளில் கிலோவாட், மெகாவாட் என்று எவ்வளவு என்பதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். டிகிரி எங்கோ ஓரத்தில் இருக்கும்.

டிகிரி ஏன் முக்கியம் என்பதை மின்சாரத்தில் பார்க்கலாம். இந்தச் சாதனங்களை ஓட்டவே மின்சாரம் வேண்டும். ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் மூன்று பங்கு வெப்பம் தருகிறது, ஆனால் 100 டிகிரியில் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 30 டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிற எந்த இயந்திரமும் வெப்பத்தில் 19 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. இது இயற்கை போட்ட வரம்பு, கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர் இருநூறு வருடத்துக்கு முன்பே வழி காட்டியது. நடைமுறையில் ஒன்பது பத்து சதவீதம் கிடைத்தால் பெரிய விஷயம். மூன்று பங்கு வெப்பத்திலிருந்து கால் பங்குக்குச் சற்று மேல் மின்சாரம் வரும். போட்டது ஒரு பங்கு! தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளவே அது பதினொரு மடங்கு வெப்பம் தர வேண்டும். அதே மூன்று மடங்கு 500 டிகிரியில் வந்தால் 35 சதவீதம்வரை மாற்றலாம். அப்போதும் கணக்கு கிட்டத்தட்ட சரிக்குச் சரிதான், கையில் மிஞ்சாது.

காரில் வைக்கலாம், விமானத்தில் வைக்கலாம் என்று பேசுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போவதே இல்லை. 20 கிலோவாட் இழுவைக்கு 200 கிலோவாட் வீண் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் வேண்டும். காரை விட ரேடியேட்டர் பெரிதாக இருக்கும்.

சரி, மின்சாரம் வேண்டாம், வெந்நீர் மட்டும் போதும் என்றால்? அங்கே வேறொரு போட்டியாளர் நிற்கிறார். ஹீட் பம்ப். நம் ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரியான சாதனம், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கும். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வெப்பம் தரும் ஹீட் பம்பை இன்றைக்கே கடையில் வாங்கலாம், கேரண்டியோடு. அதில் அணுக்கரு மர்மம் எதுவும் கிடையாது. 60 டிகிரி வெந்நீரை மூன்று மடங்கில் தருகிற குளிர் இணைவுச் சாதனம் இயற்பியலாளருக்கு நோபல் பரிசு வாங்கித் தரலாம், ஹோட்டல்காரருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஹீட் பம்ப் திணறுவது 150 டிகிரிக்கு மேலே. அங்கேதான் புதியவருக்கு இடம் காலியாக இருக்கிறது.

அதாவது, பாய்லர் ரூமில்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் ரூமில் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் ஆள் உயரத்துக்கு விறகு. உள்ளே பிரஷர் கேஜ் 7 கிலோவைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அழுத்தத்தில் நீராவி 170 டிகிரி. பாலியஸ்டர் துணிக்குச் சாயம் ஏற 130 டிகிரி வேண்டும், பருத்திக்கு அதைவிடக் குறைவு. கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தபடியே பாய்லர்காரர் பேசினார். “ஸ்டீம் எடுக்கிறது ஒரே மாதிரி இருக்காது சார். நாலு மெஷின் ஒண்ணா சூடு கேக்கும், அப்ப அடிச்சு எரிக்கணும். அரைமணி கழிச்சு ஒண்ணும் வேண்டாம்னு நிக்கும்.” சுவரில் ஒரு காலண்டர். விறகு லாரி வந்த தேதிகளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

பாய்லர் தொழிலில் டன் கணக்குத்தான். மணிக்கு ஒரு டன் நீராவி தந்தால் ஒரு டன் பாய்லர். ரோஸியின் ஒரு மெகாவாட்டை அந்தக் கணக்கில் போட்டால் மணிக்கு ஒன்றரை டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. உலகத்தை மாற்றப்போகும் இயந்திரம் என்று பேசப்பட்டது, நம் ஊர்க் கணக்கில் ஒரு சின்னப் பாய்லர். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பாய்லர் முழு நாளும் ஓடினால் ஏறக்குறைய 9 டன் விறகைத் தின்னும். அதை நிறுத்த முடிந்தால் சாதாரண விஷயமா?

ஆனால் பாய்லர் இருக்கிற எல்லோரும் வாடிக்கையாளர் ஆகிவிட மாட்டார்கள். நெல்லை அவிக்கிற அரிசி ஆலைக்கும் நீராவி வேண்டும்; ஆனால் எரிக்க உமி அவர்களிடமே மலையாகக் கிடக்கிறது, நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அவர்களுக்கு வெப்பம் கிட்டத்தட்ட இலவசம், புதிய இயந்திரத்தைப் பார்த்து ஏன் மயங்கப் போகிறார்கள்? விறகையோ எரிவாயுவையோ காசு கொடுத்து வாங்கும் சாயப்பட்டறை, சலவை ஆலை, பால் பதப்படுத்தும் நிலையம், விறகு எரித்த சூடான காற்றில் இலையை உலர்த்தும் தேயிலை ஆலை, இவர்கள்தான் கதவைத் திறப்பார்கள். அவர்களுக்கும் பாய்லர்காரர் சொன்ன பிரச்சினை உண்டு. அரைமணிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற தேவைக்கு ஈடுகொடுக்க, வினையைக் கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டும். வினை எப்படி நடக்கிறது என்றே உடன்பாடு இல்லாத துறைக்கு அது சின்ன வேலை இல்லை. எரிந்துகொண்டே இருக்கும், நிறுத்தினால் மறுபடி பிடிக்க நாலு நாள் ஆகும் என்றால், பக்கத்தில் பெரிய வெந்நீர்த் தொட்டி கட்டிச் சூட்டைத் தேக்க வேண்டியதுதான்.

பாய்லர்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு சங்கதி, வெட் ஸ்டீம். நீராவியோடு தண்ணீர்த் துளியும் கலந்து வந்தால் குழாயில் சத்தம் போடும், வால்வைக் கெடுக்கும், சாயத்தில் திட்டு விழும். அதைப் பிரித்தெடுக்கத்தான் லைன் நெடுக ஸ்டீம் டிராப் போட்டு வைத்திருப்பார்கள். இந்தத் துளிகள்தான் ரோஸியின் 2011 சோதனைகளுக்கு எழுந்த முக்கிய ஆட்சேபம்.

ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர 335 கிலோஜூல் போதும். அந்தக் கொதிநீரை முழுக்க ஆவியாக்க மேலும் 2257 கிலோஜூல் வேண்டும். ஆக, வெறும் கொதிநீர் வெளியே வரும்போது அதை நீராவி என்று கணக்கெழுதினால், வெப்பம் ஏறக்குறைய எட்டு மடங்காகத் தெரியும். துளி கொஞ்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஒரே எடைக்கு நீராவி தண்ணீரைவிட ஆயிரத்து அறுநூறு மடங்கு இடம் பிடிக்கும். குழாயில் வரும் கலவையின் கன அளவில் நூற்றில் ஒரு பங்குதான் துளி என்றாலும், எடையில் பார்த்தால் 94 சதவீதம் தண்ணீராக இருக்கும்! ஈரப்பதம் அளக்கும் கருவியை நீட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்கவே விடாமல் வேகமாக ஓடவிட்டு, உள்ளே போகும் டிகிரியையும் வெளியே வரும் டிகிரியையும் அளந்தால் இந்தக் குழப்பமே இல்லை. வீட்டு கீசருக்குக்கூட அப்படித்தான் பார்ப்போம்.

அணுக்கரு வெப்பத்தை நேராகப் பயன்படுத்துவது ஒன்றும் கனவு இல்லை. அது ஏற்கெனவே நடந்து பழகிய விஷயம். வழக்கமான அணு உலைகள்தான், குளிர் இணைவு இல்லை. ஸ்வீடனில் ஓகெஸ்டா என்ற இடத்தில் பாறையைக் குடைந்து கட்டிய சிறிய உலை 1964 முதல் 1974 வரை ஸ்டாக்ஹோமின் ஃபாஷ்டா புறநகர் வீடுகளுக்குக் குளிர்காலச் சூட்டைக் கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் பெஸ்னாவ் உலையிலிருந்து எண்பதுகள் முதல் சுற்றுவட்ட ஊர்களுக்கு வெந்நீர் குழாயில் போகிறது. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஹையாங் நகரம் முழுவதும் 2021 முதல் அணுமின் நிலையத்தின் சூட்டில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. காஸ்பியன் கரையில், இன்று கஜகஸ்தானில் இருக்கும் அக்தாவ் நகரில், பிஎன்-350 உலை 1973 முதல் 1999 வரை கடல் நீரைக் காய்ச்சி நாளொன்றுக்கு 8 கோடி லிட்டர்வரை நன்னீர் தந்தது. பாலைவன ஊர் அது, வேறு தண்ணீர் இல்லை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கல்பாக்கத்திலேயே சென்னை அணுமின் நிலையத்தின் நீராவியை எடுத்து நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை பாபா மையம் அமைத்திருக்கிறது.

இவற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். எல்லாமே 130 டிகிரிக்குக் கீழே நடக்கிற வேலைகள், எல்லாமே சூடு பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில். மின்சாரத்தைக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு அனுப்பலாம். வெந்நீரைப் பத்து இருபது கிலோமீட்டர் தாண்டி அனுப்பினால் வழியிலேயே காசு கரைகிறது. பெரிய உலையை ஊருக்குப் பக்கத்தில் வைக்கவும் முடியாது. குளிர் இணைவுக்காரர்கள் சொல்வதுபோல அலமாரி அளவுப் பெட்டியில், கதிரியக்கம் இல்லாமல் சூடு வருமென்றால் இந்த முட்டுக்கட்டை உடைகிறது. என் கணக்கில் அந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான கவர்ச்சி இதுதான்: தேவைப்படும் குழாயின் பக்கத்திலேயே வைக்கலாம் என்பது.

நமக்கு அறையைச் சூடாக்கும் தேவை ஊட்டி, கொடைக்கானலோடு முடிந்துவிடும். இங்கே சூட்டைக் குளிராக மாற்றத்தான் ஆள் வரும். லித்தியம் புரோமைடு கரைசலில் ஓடும் சில்லர்கள் 90 டிகிரி வெந்நீரிலேயே வேலை செய்யும். ஒரு மெகாவாட் வெப்பத்துக்கு 200 டன் ஏசி கிடைக்கும். ஒரு நடுத்தர மருத்துவமனைக்குப் போதும். ஆனால் அந்த ஒரு மெகாவாட்டும் அறைகளிலிருந்து இழுத்த சூடும் சேர்ந்து மொட்டைமாடிக் கூலிங் டவர் வழியாக வெளியேற வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் யோசிக்கத்தான் வைக்கும். மறுபக்கம், சிமென்ட் சூளைக்கு 1450 டிகிரி, கண்ணாடிக்கும் எஃகுக்கும் 1500ஐ ஒட்டி. அங்கெல்லாம் இந்தச் சூட்டுக்கு வேலையே இல்லை.

இந்த எதார்த்தம் புரிந்தவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. க்ளீன் பிளானட் என்ற நிறுவனம் தோஹோகு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நிக்கலையும் செம்பையும் மெல்லிய அடுக்குகளாகப் படியவைத்து, அதில் ஹைட்ரஜனை ஏற்றிச் சூடாக்கிப் பார்க்கிறது. நூற்றுக்கணக்கான டிகிரியில் வேலை செய்யும் தகடு. அவர்கள் அறிவித்திருக்கும் கூடுதல் வெப்பம் சில வாட்கள்தான், ஒரு நைட் லேம்ப் அளவு. ஆனால் கூட்டாளியாகப் பிடித்தது மின் நிறுவனத்தையோ கார் நிறுவனத்தையோ இல்லை. மட்சுயாமா நகரத்து மியூரா, பாய்லர் கம்பெனி. 2021இல் தொழிற்சாலைப் பாய்லருக்கென்றே இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள். மியூராவின் வழக்கம் ஒரு பெரிய பாய்லருக்குப் பதில் பல சின்னப் பாய்லர்களை வரிசையாக வைத்து, தேவைக்கேற்ப இரண்டையோ ஐந்தையோ மட்டும் எரியவிடுவது. திருப்பூர் பாய்லர்காரர் சொன்ன ஏற்ற இறக்கத்துக்கு அது ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. டிகிரியும் சரியான இடத்தில் இருக்கிறது. சில வாட்களிலிருந்து சில நூறு கிலோவாட்டுக்கு எப்படிப் போவார்கள், சில வாட்களே அளவுப் பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் வேறு.

அப்படி ஒரு பாய்லர் என்றாவது விற்பனைக்கு வந்தால், சான்றுக்கு நேச்சர் இதழை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. டோரலில் இல்லாமல் போனது, சூட்டுக்கு உண்மையிலேயே காசு கொடுக்கிற ஒரு வெளியாள். பாய்லர் ரூமில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்கு அணுக்கருவும் தெரியாது, வெட் ஸ்டீமை நீராவி என்று சொல்லி அவரை ஏமாற்றவும் முடியாது. சாயம் திட்டாக விழுந்தால் சாயங்காலத்துக்குள் துணி திரும்பி வந்துவிடும். புது இயந்திரத்தின் மின்சார பில் ஒரு கையில், அந்தக் காலண்டர் இன்னொரு கையில். இயந்திரம் வந்து மூன்று மாதம் கழித்துச் சிவப்பு வட்டங்கள் குறைந்திருக்கின்றனவா என்று அவரிடம்தான் நான் கேட்பேன்.